ஒன்பதாம் குழியின் பள்ளம்

வெறுக்கும் ஒன்றைப் பற்றி ஒருவர் எத்தனை ஆண்டுகள் விடாமல் படிக்க முடியும்? ஆசைப்பட்டுப் படிக்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஆத்திரப்பட்டுப் படிக்க ஆரம்பித்த மேப் அக்கா பதினொரு ஆண்டுகள் நிறுத்தவில்லை.

கோல்ஃப் என்ற விளையாட்டை அவர் ஒருநாளும் ஆடியதில்லை. அந்தப் பந்தைக் கையால் தொட்டது ஒரே ஒரு முறை. அது சமையலறைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்த அன்று. ஆனால் கோல்ஃப் மைதானங்களை எப்படி வரைந்தார்கள், மேட்டை எங்கே வைத்தார்கள், மணல் குழியை எங்கே தோண்டினார்கள் என்று சொல்லும் அபூர்வமான பழைய புத்தகங்கள் நாற்பத்தொன்று அவரிடம் இருந்தன. சமையலறைக்கு மேலே இருந்த பரணில், ஒவ்வொன்றையும் இரட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கியிருந்தார். பரணில் வைத்ததற்குக் காரணம் எளிது. தரையில் வைத்தால் மழைக்கு நனைந்துவிடும்.

நகரத்தின் வடிகால் துறையில் அவர் வரைவாளர். பதவிப் பெயர் பலகையில் ‘டிராஃப்ட்ஸ்மேன்’ என்றே இருந்தது. “மேன் எங்கம்மா?” என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். “செத்துட்டான். நான்தான் இருக்கேன், என்ன வேணும்?” என்பார். இருபத்தொன்பது ஆண்டுகளாக அந்த மேசையில் குனிந்து கால்வாய்களையும் குழாய்களையும் வரைந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் வைத்த பெயர் மேப் அக்கா. தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா மனை வாங்கிக் கட்டிய வீட்டில் அண்ணனோடும் அண்ணியோடும் இருந்தார். அண்ணன் பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சுக் குறைவு. அந்தக் குறையை அண்ணியும் தங்கையுமாகச் சேர்ந்து நிறைத்துவந்தார்கள்.

தெருவில் இருபத்தாறு வீடுகள். தெருவின் வடக்கு ஓரம் முழுக்க ஒரே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் கிளப். மழை பெய்தால் கிளப்பின் புல் பச்சையாகும், தெரு ஏரியாகும். அப்பா காலத்திலேயே தண்ணீர் வந்ததுதான். அவர் வாசல்படியை மூன்று தடவை உயர்த்தினார். ஆனால் பதினொரு ஆண்டுக்கு முன் வந்த மழை படியையெல்லாம் கேட்கவில்லை. இடுப்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. அண்ணியின் தையல் மிஷின், பீரோவின் கீழ்த்தட்டு, அப்பாவின் ஒரே நல்ல போட்டோ எல்லாம் போயின. மூன்றாம் நாள் மேப் அக்கா சேறு படிந்த சேலையோடு கிளப் வாசலுக்குப் போய் நின்றார். செயலாளர் என்று ஒருவர் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“தண்ணி பள்ளத்துக்குத்தானேம்மா போகும்? அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?”

“பள்ளத்தை யாரு பண்ணினது?”

“அதை இயற்கையைத்தான் கேக்கணும்,” என்று சொல்லிவிட்டு அவர் கேட்டைச் சாத்தச் சொன்னார்.

இயற்கையைக் கேட்பது எப்படி என்று வடிகால் துறை வரைவாளருக்குத் தெரியும். பழைய வரைபடத்தைக் கேட்க வேண்டும். துறையின் ஆவண அறையில் கிளப் நிலத்துக்கு வரைபடமே இல்லை. ‘தனியார் நிலம், அளக்கவில்லை’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த வாரமே பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த ஒரு கட்டின் நடுவே, மட்டை பிய்ந்த புத்தகம் ஒன்றை அவர் பார்த்தார். கோல்ஃப் மைதானம் அமைப்பது பற்றியது. எதிரியின் வீட்டுச் சாவி தெருவில் கிடந்ததுபோல் அதை எடுத்தார். கடைக்காரர் முன்னாலேயே நின்றபடி இருபது பக்கம் படித்தார். முதல் அத்தியாயத்தில் விளையாட்டே இல்லை. முழுக்க மண், சரிவு, வாய்க்கால், மழை. புல்லை வரைகிறவன் முதலில் தண்ணீரை வரையக் கற்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

“இந்தப் பாவிங்களுக்குத் தண்ணி தெரியுது. எங்க ஆபீசுக்குத் தெரியலை,” என்று கடைக்காரரிடம் கோபமாகச் சொன்னார். கடைக்காரருக்கு இரண்டு தரப்பும் புரியவில்லை. எடை போட்டுக் கொடுத்தார்.

அப்படித்தான் தொடங்கியது. அந்தக் கிளப் மைதானத்தை வரைந்தவர் யார், அவர் வேறு என்ன எழுதினார், அவரோடு வேலை செய்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று ஒரு புத்தகம் இன்னொன்றுக்கு வழி சொன்னது. இந்த வகைப் புத்தகங்கள் எப்போதுமே குறைவாக அச்சானவை. நூறு, இருநூறு பிரதிகள் அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்திருப்பார்கள். நண்பர்கள் இறந்ததும் பிள்ளைகள் அலமாரியைக் காலி செய்வார்கள். அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். மேப் அக்கா செய்தித்தாளில் இரங்கல் விளம்பரங்களைப் படிக்கலானார். ‘கோல்ஃப் பிரியர்’ என்று யாரைப் பற்றியாவது போட்டிருந்தால் வெட்டி ஒட்டிவைத்து, ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குக் கடிதம் போடுவார்.

“துக்க வீட்டுக்குப் புத்தகம் கேட்டு லெட்டர் போடற ஒரே ஆளு உலகத்துலேயே நீதான்,” என்றாள் அண்ணி.

“ஒரு மாசம் விட்டுத்தானே போடறேன்?”

“ஆமா, பெரிய மரியாதை. அவங்க செத்தாவது நம்மகிட்ட இருந்து தப்பிச்சோம்னு நினைச்சிருப்பாங்க.”

பழைய புத்தக வியாபாரிகளிடம்தான் அவருடைய கோபம் முழு உயரத்துக்கு எழும். அவர்களில் சிலர் புத்தகத்திலிருக்கும் மடிப்பு வரைபடங்களைக் கத்தியால் வெட்டியெடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வரவேற்பறை அலங்காரமாக விற்பார்கள். மிச்சப் புத்தகம் குப்பை விலைக்கு வரும். வெட்டிய விளிம்பைத் தடவிப் பார்த்ததும் பேனாவை எடுப்பார். சிவப்பு மையில் கடிதம் போகும். ‘ஐயா, நீங்கள் அனுப்பியது புத்தகமல்ல, பிணம். குடலை எடுத்துவிட்டு உடம்பை அனுப்பியிருக்கிறீர்கள்.’ ஒரு வியாபாரி இந்தக் கடிதத்தையே சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, அவருக்கு இரண்டாவது கடிதமும் போட்டார்.

அறிவு வெறுப்பைக் குறைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. மேப் அக்கா விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. இன்னும் கூர்மையாக வெறுக்கத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். முன்பு ‘பணக்காரத் திமிர்’ என்று பொதுவாகத் திட்டியவர், இப்போது எந்த மேட்டை எந்த ஆண்டு வெட்டினார்கள், எந்த வாய்க்காலை மூடினார்கள் என்று கணக்காகத் திட்டினார். ஆனாலும் ஒரு நல்ல சரிவை யாராவது ஒழுங்காக விவரித்திருந்தால், அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அண்ணி பார்த்தால் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

ஏழாவது ஆண்டு, கிளப்பின் பழைய ஆண்டுவிழா மலர் ஒன்று கிடைத்தது. அதில் பதினெட்டுக் குழிகளுக்கும் கைவிரல் நீளப் படங்கள் இருந்தன. குழி என்றால் பந்து விழும் துளை மட்டுமல்ல, அடிக்கத் தொடங்கும் மேடையிலிருந்து கொடி நிற்கும் வட்டம் வரை நீளும் புல்தடம் முழுவதற்கும் அதுதான் பெயர். ஒன்பதாம் குழியின் படத்தில், தடத்தின் மேல் முனையைத் தாண்டி, பேரிக்காய் வடிவத்தில் ஒரு பள்ளம் வரைந்து, ‘மழைநீர் தேங்குமிடம்’ என்று எழுதியிருந்தது.

மேப் அக்கா மொட்டைமாடிக்கு ஓடினார். மதிலுக்கு அப்பால், தெற்கு வடக்காக நீண்ட பழைய ஒன்பதாம் புல்தடம் தெரிந்தது. இப்போது யாரும் அதில் ஆடுவதில்லை. புல்நாற்று வளர்க்கிறார்கள். தடத்தின் வடக்கு முனையில் கிளப்பின் புதிய விருந்து மண்டபம் நின்றது. அதைக் கட்டியது அப்போதைக்கு எட்டு ஆண்டுக்கு முன். பெருவெள்ளம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. படத்தை மாடிச் சுவரில் வைத்துப் பார்த்தார். தாளின் மேல்பக்கம் பள்ளம். தடத்தின் வடக்கு முனையில் மண்டபம்.

“பள்ளத்தை மூடி மண்டபம் கட்டியிருக்கானுங்க அண்ணி! நம்ம வீட்டுக்கு வந்த தண்ணி அவனுங்க கல்யாணச் சாப்பாட்டுக்குக் கீழே இருக்க வேண்டியது!”

அண்ணி அன்று முதல்முறையாக அந்தப் புத்தகங்களை மரியாதையோடு பார்த்தாள்.

அதன்பின் தெருவே சேர்ந்தது. மாடிவீட்டு வாத்தியார் மனு எழுதினார், இருபத்தாறு வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். மண்டபத்தை இடித்துப் பள்ளத்தைத் திரும்பத் தோண்டித் தர வேண்டும் என்பது கோரிக்கை. நீர்நிலை விசாரணை அதிகாரியிடம் அது போய்ச் சேரவே மூன்று ஆண்டு ஆயிற்று. முதல் விசாரணையில் கிளப் வக்கீல் அந்தப் படத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

“சார், இது விழா மலர்ல வந்த ஓவியம். அளவு இல்லை, திசை இல்லை. பக்கத்துல பூ கூடப் போட்டிருக்கு.”

அதிகாரி சோர்வான மனிதர். ஆனால் தாளைப் படிக்கிறவர். “முழு வரைபடம் இருந்தா கொண்டு வாங்கம்மா. ரெண்டு மாசம் தர்றேன். அது சொல்றபடி முடிச்சுடறேன்,” என்றார்.

முழு வரைபடம் எங்கே இருக்கிறது என்று மேப் அக்காவுக்குத் தெரியும். மைதானத்தை வரைந்தவர் கடைசிக் காலத்தில் தன் வேலைகளைப் பற்றி ஒரு நினைவுநூல் எழுதி, சொந்தச் செலவில் நூற்றிருபது பிரதிகள் அச்சிட்டிருந்தார். பின்மட்டையின் உள்பக்கம் ஒரு பை. அந்தப் பையில் ஆறு மைதானங்களின் மடிப்பு வரைபடங்கள். கிளப்பில் இருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டதாகச் சொன்னார்கள். தெரிந்து மிச்சமிருந்த ஒரே பிரதி, ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பல் டாக்டரிடம் இருந்தது. அவர் முந்நூறு புத்தகம் வைத்திருந்த சேகரிப்பாளர், கோல்ஃப் ஆடுபவரும்கூட. அதனாலேயே நான்கு ஆண்டுக்கு முன் மேப் அக்கா அவருக்கு, ‘ஒரு குச்சி, ஒரு பந்து, அதற்கு ஒரு ஊரளவு நிலம்’ என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதியிருந்தார். பதிலாக ஒரு அட்டை வந்தது. ‘தாங்கள் குறிப்பிட்ட மேற்கோள் 88ஆம் பக்கத்தில் இல்லை, 98இல் உள்ளது.’ அவ்வளவுதான்.

இப்போது அவரிடம் போய் நிற்க வேண்டும். திட்டின வாயாலேயே கேட்க வேண்டும். ரயிலில் ஆறு மணி நேரமும் அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

பல் டாக்டர் ஒல்லியானவர், வெள்ளைச் சட்டை, கதவைத் திறந்ததும் முதலில் இவருடைய பல்லைத்தான் பார்த்தார். “சிவப்பு மை அம்மாவா? வாங்க, வாங்க. நேர்ல இவ்வளவு சின்ன ஆளா இருப்பீங்கன்னு நினைக்கலை.”

“நீங்க கேலி பண்ணுங்க. நான் வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்.”

“கேலி இல்லம்மா. நாலு வருஷத்துல எனக்கு யாரும் மூணு பக்கம் எழுதலை.” அலமாரியிலிருந்து சாம்பல் நிறத் துணிக்கட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். “கையை மட்டும் துடைச்சுக்குங்க.”

பின்மட்டைப் பை முழுசாக இருந்தது. கத்தி படாத ஆறு மடிப்புகள். மூன்றாவது மடிப்பு அவர்களுடைய கிளப். டாக்டர் அதை மெல்லப் பிரித்தார். மேசை நிறைந்துவிட்டது. சம உயரக் கோடுகள் மயிரிழைபோல் ஓடின. மூலையில் சுத்தமான ஒரு திசை அம்பு. இப்படி ஒரு வேலையை இருபத்தொன்பது ஆண்டில் தன் அலுவலகத்தில் யாரும் செய்ததில்லை என்று மேப் அக்காவுக்கு உடனே தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வடக்கே கிளப் கட்டிடம். அங்கிருந்து தெற்கு நோக்கி இறங்கியது ஒன்பதாம் தடம். அதன் வடக்கு முனையில், இப்போது மண்டபம் நிற்கும் இடத்தில், ஒரு சிறு மேடு. பள்ளம் இல்லை. பேரிக்காய்ப் பள்ளம் தடத்தின் தெற்கு முனைக்கும் அப்பால் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே மதில் இல்லை, தெரு இல்லை.

“இது வேற ஒன்பது,” என்றார் மேப் அக்கா.

“ஒரு மைதானத்துக்கு ஒரு ஒன்பதுதாம்மா.”

மேப் அக்கா தன் கைப்பையிலிருந்து விழா மலர்ப் படத்தின் நகலை எடுத்து வைத்தார். “இதுல பள்ளம் மேலே இருக்கு. வடக்கே.”

டாக்டர் இரண்டையும் பார்த்தார். பிறகு நகலை மேசைமேலேயே அரைவட்டமாகச் சுற்றிவிட்டார். பேரிக்காய் பேரிக்காயோடு பொருந்தியது.

“இது ஆடறவனுக்காகப் போட்ட படம்மா. அடிக்கிறவன் நிக்கிற மேடை எப்பவும் கீழே, கொடி எப்பவும் மேலே. அவன் எந்தத் திசையைப் பாத்து நிக்கிறானோ அதுதான் மேலே. வடக்கெல்லாம் பாக்க மாட்டாங்க. எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தானே?”

நாற்பத்தொரு புத்தகத்திலும் அப்படித்தான். மேப் அக்கா அவற்றில் சரிவைப் படித்திருந்தார், வாய்க்காலைப் படித்திருந்தார். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் புரிந்துகொள்ளத் திசை தேவைப்படவில்லை. ஆடுகிறவன் எங்கே நிற்கிறான் என்று மட்டும் ஒருமுறைகூட அவர் யோசிக்கவில்லை. அவனைப் பற்றி யோசிக்கவே அவருக்கு விருப்பமில்லை. அம்பு இல்லாத தாளில் மேல்பக்கம் வடக்கு, இதுதான் அலுவலகத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம்.

“அம்பு போடத் தெரியாதவன் எதுக்குப் பேனா பிடிக்கிறான்?” என்று கத்தினார். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். “பூப் போடத் தெரியுது, அம்பு போடத் தெரியலையா? மூணு வருஷம்! இருபத்தாறு வீட்டைக் கையெழுத்துப் போட வச்சிருக்கேன்!”

“அவன் உங்களுக்காக வரையலையேம்மா,” என்றார் டாக்டர்.

நூலிலேயே அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மழைக்காலத்தில் மைதானம் முழுவதும் வடிவது இங்கேதான், இதில் எக்காலத்திலும் கட்டிடம் எழுப்பச் சம்மதிக்கக் கூடாது என்று கிளப்பிடம் எழுதி வாங்கியதாக மைதானத்தை வரைந்தவர் சொல்லியிருந்தார். அவர் செத்துப் பத்தொன்பதாம் ஆண்டு கிளப் அந்தப் பள்ளத்தை மண் கொட்டி மேலாக நிரவி, மனை போட்டு விற்றது. ‘மேடான மனைகள்’ என்று அச்சடித்த அந்த விளம்பரத் தாள் மேப் அக்கா வீட்டு இரும்புப் பெட்டியில், அப்பாவின் பத்திரத்தோடு இன்னும் இருந்தது.

புத்தகத்தை இரவலாகத் தந்தார் டாக்டர். “நீங்க கிழிக்க மாட்டீங்க. உங்க திட்டைப் படிச்சப்பவே தெரியும். வேலை முடிஞ்சதும் அனுப்புங்க.”

மறுநாள் மதிய இடைவேளையில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, மேப் அக்கா தன் மேசையில் தெருவின் வரைபடத்தை விரித்து, அதன்மேல் டிரேசிங் தாளைப் போட்டு, பழைய பள்ளத்தின் கோடுகளை அளவு மாற்றி ஒவ்வொன்றாக இழுத்தார். கை பழகிய வேலை. இருபத்தாறு வீடும் பேரிக்காய்க்குள் அடங்கின. ஒன்றுகூட வெளியே நிற்கவில்லை. ஆக ஆழமான கோடு ஒரு வீட்டின் சமையலறை வழியாகப் போயிற்று. அது எந்த வீடு என்று எண் போட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டிருந்தது. அந்தப் பூதத்தின் குணமும் அவருக்குத் தெரியும். நான்கு ஆண்டுக்கு முன், கால்வாய்க்கரையில் பதினெட்டு வீடுகள் நீர்நிலைக்குள் இருப்பதாக இதே அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அதற்கான தாளை வரைந்தது மேப் அக்கா. சுவரில் சிவப்பு எண் போட்டார்கள், மூன்று மாதம் கெடு கொடுத்தார்கள், இயந்திரம் வந்தது. விற்றவனை யாரும் தேடவில்லை, இருந்தவர்களைக் கிளப்பினார்கள். சட்டத்துக்கு நிலம்தான் கண்ணில் படும், ஏமாந்தவன் படமாட்டான். இந்த வரைபடத்தைக் கொடுத்தால் கிளப் பொய் சொல்லி விற்றது நிரூபணமாகும். அதே தாளால் தெருவும் போகும். மண்டபம் மட்டும் மேட்டின்மேல் ஜம்மென்று நிற்கும்.

யார்மேல் கோபப்படுவது என்று அவருக்கு அன்று தெரியவில்லை. விற்றவர்கள்மேல் பட்டார். ஒரு மழைக்காலத்தில்கூட வந்து பார்க்காமல் மனை வாங்கிய அப்பாமேல் பட்டார். படியை மூன்று முறை உயர்த்தினாரே, ஒருமுறையாவது ஏன் என்று கேட்டாரா? பிறகு, அப்பாவையாவது சொல்லலாம், பார்த்ததைப் படிப்பதே பிழைப்பாக வைத்திருந்த தன்னை என்ன சொல்வது என்று தோன்றியது. சாப்பிட்டுவிட்டு வந்த மேலதிகாரி, “என்னக்கா, இன்னிக்குச் சத்தமே இல்ல, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். டிரேசிங் தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு, “உங்க வேலையைப் பாருங்க,” என்றார்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் வாத்தியார் வீட்டு மாடியில் தெருவே கூடியிருந்தது. ஆளுக்கொரு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள்.

“நாளைக்கு மண்டபத்துக்கு மங்களம் பாடிடலாம்,” என்றார் வாத்தியார். “என்னக்கா, சரிதானே?”

“நாளைக்குப் பாப்போம்.”

“பாப்போமா? நீங்களா பேசறது? போன தடவை அந்த வக்கீல் சட்டையைப் பிடிக்கப் போனீங்க, நாலு பேர் சேந்து இழுத்தோம்!”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது பையில் புத்தகம் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“கிடைச்சிடுச்சுல்ல? அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்க?”

“தூக்கம் வருது அண்ணி.”

“பதினோரு வருஷமா இந்த வீட்டுல யாரையும் தூங்க விடாதவளுக்குத் தூக்கமாம்.”

விசாரணை அறையில் மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் கிளப் வக்கீலும் செயலாளரும். மறுபக்கம் இருபத்தாறு வீட்டிலிருந்தும் வந்த முப்பது பேர். மேப் அக்கா முன்வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அண்ணி. பைக்குள் சாம்பல் நிறப் புத்தகம். அதிகாரி கோப்பைத் திறந்தார்.

“முழு வரைபடம் கொண்டுவர்றேன்னு சொன்னீங்க. கிடைச்சுதாம்மா?”

மேப் அக்கா எழுந்தார். தெருவில் எல்லோரும் சொல்வார்கள், அவருக்குக் கோபம் வரும், ஆனால் பொய் வராது. கடன்காரனிடம் ‘அண்ணன் வீட்டில் இல்லை’ என்றுகூட அவர் சொன்னதில்லை.

“கிடைக்கலை சார்.”

அண்ணியின் வாய் திறந்தது. கை தானாகப் பையை நோக்கிப் போனது. மேப் அக்கா குனியாமலே அந்த மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். அண்ணிக்கு வலித்திருக்க வேண்டும். கையை இழுத்துக்கொண்டாள்.

“எங்கேயும் இல்லையா? நல்லாத் தேடினீங்களா?”

“எங்கேயும் இல்ல சார். மனுவை முடிச்சுடுங்க.”

பின்வரிசையில் யாரோ, “அக்கா!” என்றார்கள். வாத்தியார் எழுந்து என்னவோ சொல்ல முயன்றார். அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஆதாரம் இல்லை, மனு தள்ளுபடி. எழுதி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று.

வெளியே வராந்தாவில் கிளப் செயலாளர் வேண்டுமென்றே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, “ஒரு நாள் கிளப்புக்கு வாங்கம்மா, காபி சாப்பிடலாம்,” என்றார். அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

“எவ்வளவுக்கு?” என்று கேட்டார் வாத்தியார். “சொல்லுங்கக்கா. எங்க இருபத்தாறு வீட்டோட விலை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கறோம்.”

மேப் அக்கா அவரைப் பார்த்தார். முப்பது பேரையும் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் குரல்தான் கேட்கும். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வீடு வரைக்கும் அண்ணி திட்டிக்கொண்டே வந்தாள். “பையில வச்சுக்கிட்டே இல்லைன்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சு உனக்கு? வித்துட்டியா? அந்தப் புத்தகத்தை அவங்களுக்குக் கொடுக்கப் போறியா? என் மிஷின் போச்சே, உங்கப்பா போட்டோ போச்சே, அதெல்லாம் மறந்துபோச்சா? நான் நாளைக்கே அந்த அதிகாரிகிட்ட போய்ச் சொல்றேன், பாரு!”

“சொல்லுங்க அண்ணி.”

ஏதோ காரணத்தால் அண்ணி போகவில்லை. அந்த விஷயத்தைத் தெருவிலும் சொல்லவில்லை. ஆனால் ஏழு மாதம் நாத்தனாரோடு பேசவில்லை. தட்டை மட்டும் நகர்த்தி வைப்பாள். தெருவில் மேப் அக்காவைக் கண்டால் பேச்சு நிற்கும். வாசல் சுவரில் ஒருநாள் கரியால், ‘கிளப் அக்கா’ என்று எழுதியிருந்தது. அவர் அதை அழிக்கவில்லை. அடுத்த மழை அழித்தது. தண்ணீர் முழங்கால் அளவு வந்தது. வாத்தியார் வீட்டு அரிசி மூட்டையைத் தூக்கப் போனவரைக் கதவருகிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

அண்ணன் ஒரே ஒருமுறை கேட்டார். “என்னதான்மா நடந்துச்சு?”

“சாப்பாடு ஆறுதுண்ணா.”

அவர் செய்தது சரிதானா என்று சொல்வது எளிதல்ல. கூரையைக் காப்பாற்றினார் என்று சொல்லலாம். தாங்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை இருபத்தாறு வீட்டாரிடமிருந்தும் கேட்காமலே எடுத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம். தன் தவறு வெளியே தெரியக் கூடாதென்று மறைத்தார் என்று ஒருவர் சொன்னால் அதையும் முழுதாக மறுக்க முடியாது. எது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. குறைந்தபட்சம் தெருவிடமாவது உண்மையைச் சொல்லி அவர்களையே முடிவு செய்ய விட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

விசாரணை முடிந்து ஒரு மாதம் கழித்துப் பல் டாக்டரிடமிருந்து அட்டை வந்திருந்தது. செய்தித்தாளில் படித்தேன், புத்தகம் தங்களிடம் இருந்தும் இல்லை என்றது ஏன், தவறாக எண்ண வேண்டாம், தெரிந்துகொள்ளும் ஆசைதான் என்று எழுதியிருந்தார்.

மேப் அக்கா புத்தகத்தை இரட்டை உறையில் போட்டு, அட்டை வைத்துக் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினார். ஆறு மடிப்பும் பையிலேயே இருந்தன. கூடவே நீல மையில் ஒரு துண்டுத்தாள். ‘62ஆம் பக்கத்தை அடுத்து 64 வருகிறது. அச்சுப் பிழை. தாள் குறையவில்லை.’